48கே ஸ்பெக்ட்ரமுக்கு 128கே பலகை: என் அனுபவம்

ஸ்பெக்ட்ரம் என்பது சின்க்ளேரின் பழைய வீட்டுக் கணினி; அதன் 48கே மெமரியை, பின்னர் வந்த ஸ்பெக்ட்ரம் 128இல் உள்ளதுபோல் 128கே ஆக்கும் பலகை இது. மெமரியைக் கூட்டுவது பெரிய வித்தை இல்லை. கூட்டிய பிறகும் மெஷின் 1982இல் வந்தபோது எப்படி நடந்துகொண்டதோ அப்படியே இருக்க வேண்டும்; கஷ்டம் அங்கேதான். வெள்ளவத்தையில் என் மாமாவிடம் உள்ள ஸ்பெக்ட்ரமுக்குப் பலகை வடிவமைத்தபோது பார்த்ததைச் சொல்கிறேன்.

மெஷினின் புரோசசரான இசட்80ஐ சொக்கெட்டிலிருந்து கழற்றி அங்கே பலகையைச் செருகினேன். அதன் மேல் இசட்80. மெமரியின் மேல் 32கே பகுதிக்கான சிப்கள் எட்டையும் எடுத்தாயிற்று. அவற்றின் வேலையை இப்போது ஒரே ஒரு ஸ்டாட்டிக் ராம் மெமரி சிப் பார்க்கிறது.

இசட்80 ஒரே நேரத்தில் 64கே மட்டுமே பார்க்கும் என்பதால், மெமரியை 16கே பக்கங்களாக மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். அப்படிப் பக்கம் மாற்றுவது 128இல் உள்ளபடியே 32765ஆம் போர்ட்டில் (புரோசசர் மற்றச் சிப்களோடு பேசும் வாசல்). அசல் 128 அந்த எண்ணை முழுதாகப் பார்ப்பதில்லை. முகவரிக் கம்பிகளில் ஏ15, ஏ1 இரண்டும் 0 என்றால் அதற்குப் போதும். நானும் அப்படியே விட்டேன். இதில் கூடுதல் ஒழுங்கு பார்த்தால் சில நிரல்கள் ஓடாது. எழுதிய பிட்களைப் பிடித்துவைக்க 74எச்.சி.டி.174 என்ற சிப். அதன் கிளியர் காலை ரீசெட்டோடு இணைத்ததால், எப்போது போட்டாலும் 0ஆம் பக்கத்தில்தான் தொடங்கும். 5ஆம் பிட் (0இலிருந்து எண்ணினால்) முக்கியம்: அதை 1 ஆக்கினால் அடுத்த ரீசெட் வரை பக்கம் மாறாது, மெஷின் 48கே போலவே இருக்கும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் எச்.சி.டி. வகைச் சிப் கேட்டால் எச்.சி. வகையைத் தந்து, "ரெண்டும் ஒண்டுதான் தம்பி" என்றார்கள். இல்லை. பழைய என்மொஸ் வகை இசட்80 '1' என்று சொல்லும்போது 2.4 வோல்ட் வந்தாலே கணக்கில் சரி. எச்.சி.டி.க்கு 2 வோல்ட் போதும், எச்.சி. 5 வோல்ட்டில் 3.5 கேட்கும். மேசையில் ஓடும், சூடானதும் தடுமாறும். தேடி எச்.சி.டி.தான் வாங்குங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனித்தான். ஸ்பெக்ட்ரமில் யாருக்கும் சொந்தமில்லாத போர்ட் ஒன்றைப் படித்தால், அந்த நொடியில் யூ.எல்.ஏ. (படத்தை உருவாக்கும் சிப்) திரைக்காக எடுத்துக்கொண்டிருக்கும் பைட் 470 ஓம் ரெசிஸ்டர்கள் வழியாகக் கசிந்து தெரியும். எடுக்காத நேரத்தில் 255 வரும். வடிவமைத்தவர்கள் நினைத்துச் செய்ததல்ல இது. ஆனால் அர்கனாய்ட், கோப்ரா என்ற விளையாட்டுகள் இரண்டும் டிவியில் படம் வரையும் கற்றை எங்கே நிற்கிறது என்று அறிய இதைத்தான் பார்க்கின்றன. நண்பர் ஒருவர் வாங்கிய ரெடிமேட் பலகையில் பஃபர் சிப், பைட்கள் போய்வரும் கம்பிகளான டேட்டா பஸ்ஸை எப்போதும் பிடித்துக்கொண்டே இருந்தது. அர்கனாய்ட் அப்படியே நின்றுவிட்டது. என் பலகை தன் மெமரியைப் படிக்கும்போது மட்டும் பேசும், மற்ற நேரம் வாய் திறக்காது. மாமா வீட்டில் அர்கனாய்ட் போட்டோம். பந்து சும்மா வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஒன்று மட்டும் மீதி: 128இல் உள்ளதுபோல் 7ஆம் பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டாவது திரை. யூ.எல்.ஏ. தன்னோடுள்ள கீழ் 16கே ராமை மட்டும்தான் பார்க்கும், இசட்80 பக்கம் நாம் என்ன செய்தாலும் அது அறியாது. அந்தக் கீழ் ராமின் 4116 சிப்களையும் மாற்றினால்தான் வழி. யாராவது அதில் கைவைத்தால், அவற்றுக்கு 5, 12 வோல்ட்டோடு மைனஸ் 5உம் வேண்டும் என்பதால், புதிய 5 வோல்ட் ராமைச் செருகுமுன் மற்ற இரண்டு சப்ளையும் அந்தக் கால்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.