சிகாகோ மெக்கார்மிக் பிளேஸ்ல ஸ்டால் போடலாமா, சும்மா பாத்துட்டு மட்டும் வரலாமா?

செவ்வாப்பேட்டை பட்டறை:
வணக்கம்ங்க. அப்பா காலத்துலருந்து சேலத்துல சின்னதா எவர்சில்வர் பட்டறை வச்சிருக்கோம், பெரும்பாலும் காபி பில்டரும் டபரா டம்ளரும்தான். மச்சான் சிகாகோல இருக்காரு. அங்க மார்ச் மாசம் வீட்டு சாமான், பாத்திரம் கண்காட்சி ஒண்ணு மெக்கார்மிக் பிளேஸ்ங்கற எடத்துல நடக்குதாம், வெள்ளைக்காரங்களே இப்ப பில்டர் காபி கேக்கறாங்க, ஒரு ஸ்டால் போட்டுரு, தங்கறதுக்கு என் வீடு இருக்கு, வேற என்ன பெரிய செலவுன்னு போன்ல ஒரே நச்சரிப்பு. எனக்குத் தெரிஞ்ச பொருட்காட்சின்னா போஸ் மைதானத்துல போட்டதுதான், ராட்டினமும் டெல்லி அப்பளமும். கோயமுத்தூர் கொடிசியால ஒருக்கா ஸ்டால் போட்டோம், டாட்டா ஏஸ்ல சரக்கை ஏத்திட்டுப் போய் நாங்களே எறக்கி நாங்களே அடுக்கி முடிச்சிட்டோம். இதுவும் அப்படித்தானா? எடத்து வாடகை கட்டிட்டா மத்தது நம்ம பாடுதானே? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. அம்மா வேற நகையை அடகு வச்சுத்தான் அமெரிக்கா போகணுமான்னு ஆரம்பிச்சிருச்சு.

சூரமங்கலம் தறி:
தம்பி, நான் துணி லைன், பெட்ஷீட் டவல். அந்த ஹாலுக்கும் ஒருக்கா போயிருக்கேன். "வாடகை கட்டிட்டா மத்தது நம்ம பாடு"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் நம்மாளுங்க எல்லாரும் விழறது. லாரி வந்து நிக்கற எடத்துலருந்து உங்க ஸ்டால் வரைக்கும் பெட்டியைக் கொண்டாந்து வைக்கறதுக்கு, அப்பறம் காலிப் பெட்டியை எடுத்து வச்சிருந்து கடைசி நாள் திருப்பிக் குடுக்கறதுக்குன்னு கண்காட்சி நடத்தறவங்க ஒரு காண்ட்ராக்டரைப் போட்டிருப்பாங்க. டிரேயேஜ்னு சொல்வாங்க. நூறு பவுண்டு எடைக்கு இவ்வளவுன்னு ரேட்டு, பல கண்காட்சில கொறஞ்சது 200 பவுண்டுன்னு கணக்கு வைப்பாங்க, அதாவது 40 கிலோ பெட்டி அனுப்புனாலும் 90 கிலோவுக்குக் காசு. சரக்கு பிரிஞ்சு பிரிஞ்சு வந்துச்சுன்னா ஒவ்வொண்ணுக்கும் தனி மினிமம். எனக்கு அதே நாட்டுல வேற ஊர்ல அதான் நடந்துச்சு, மூணு பார்சல் மூணு நாள்ல வந்து சேந்து மூணு மினிமம் அழுதேன். சேலத்துலருந்து சென்னை ஹார்பர் வரைக்கும் குடுத்த லாரி வாடகையை விட அந்தக் கடைசி நூறு அடிக்கு ஜாஸ்தி ஆச்சுன்னா நம்புவீங்களா!

கார்பெட், மேஜை, நாற்காலி, கரெண்ட் பாயிண்ட், ஏன் குப்பைத்தொட்டி கூட தனித்தனி ஆர்டர்தான், கடைசி நேரத்துல கேட்டா ரேட்டு ஏறிரும். அங்க 120 வோல்ட், நம்ம கெட்டிலைத் தூக்கிட்டுப் போகாதீங்க. மரப்பெட்டில அனுப்பறதா இருந்தா மரத்துல பூச்சி இல்லாம பக்குவம் பண்ணதுன்னு காட்டற ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கணும், இல்லேன்னா பெட்டி துறைமுகத்தைத் தாண்டாது.

ஸ்டால் மாட்டறதுல மட்டும் இப்ப கொஞ்சம் பரவால்ல. முன்ன ஸ்குரூ போடறதுக்குக் கூட யூனியன் ஆள்தான்னு அந்த ஹாலுக்கு ஒரு பேரு உண்டு, 2010ல சட்டத்தை மாத்துனதுல நம்ம கம்பெனி ஆளுங்களே நம்ம ஸ்டாலை மாட்டிக்கலாம்னு ஆச்சு. ஆனா கம்பெனி ஆளுன்னா சம்பளப் பட்டியல்ல இருக்கற ஆளு. உங்க மச்சானை ஸ்குரூ டிரைவரோட நிக்க வச்சிராதீங்க.

குகை லேத்:
நான் 2022ல மெசின் டூல்ஸ் கண்காட்சிக்குப் போனேன், அதுவும் அதே எடம்தான், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா செப்டம்பர்ல. எங்க கம்பெனி அனுப்புச்சு, சும்மா சுத்திப் பாக்கத்தான். அளவைக் கேட்டுக்கங்க, கண்காட்சி எடம் மட்டும் 26 லட்சம் சதுர அடி, நம்ம கணக்குல 60 ஏக்கர் பக்கம், நாலு பில்டிங், ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குப் போறதுக்கு ரோட்டு மேலயே மூடுன பாலம். புது ஷூ போட்டுட்டுப் போய் ரெண்டாவது நாள் நொண்டுனேன். உங்க ஹால் எந்த பில்டிங்னு முன்னாடியே பாத்துருங்க. ஓஹேர் ஏர்போர்ட்லருந்து புளூ லைன் ரயில்ல கிளார்க் லேக் வந்து கிரீன் லைன் மாறுனா செர்மாக் மெக்கார்மிக் பிளேஸ் ஸ்டேஷன்லயே எறங்கலாம், டாக்ஸி வேண்டாம்.

இன்னொண்ணு, கரெண்ட் பத்தி அண்ணன் சொன்னதால ஞாபகம் வருது. 1960ல கட்டுன மொத பில்டிங் 1967 ஜனவரி 16ந்தேதி விடியக்காலைல எரிஞ்சு போச்சு, காங்கிரீட்டும் இரும்பும் எங்க எரியப் போகுதுன்னு நெனச்ச பில்டிங். அன்னிக்கு உள்ள ஸ்டால் போட்டு வச்சிருந்தது எதுக்குன்னு நெனைக்கிறீங்க, இதே வீட்டு சாமான் கண்காட்சிக்குத்தான்! ஸ்டால் பின்னாடி இழுத்திருந்த ஒயர்லருந்து கிளம்புன தீன்னு சொல்வாங்க. காவலுக்கு இருந்த ஒருத்தர் எறந்துட்டாரு. 1971லதான் திரும்பக் கட்டித் தொறந்தாங்க. அதனால நம்மூர் மாதிரி மூணு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கோத்து விடற வேலையெல்லாம் வேண்டாம்.

ஏற்காடு மிளகு:
மிச்சிகன் ஏரியைப் பாத்த மாதிரி கண்ணாடியா நிக்குமே, அந்த பில்டிங்தானே? 2023 அக்டோபர்ல ஒரே ராத்திரில ஆயிரத்துக்குக் கிட்ட பறவைங்க மோதி செத்துச்சே. வலசை போற சின்னச் சின்னக் குருவிங்க, உள்ள எரிஞ்ச லைட்டுதான் காரணம். அடுத்த வருசம் கண்ணாடி பூரா புள்ளி புள்ளியா ஒட்டிட்டாங்க. எங்க எஸ்டேட் பங்களா ஜன்னலுக்கும் அதையே பாத்துத்தான் ஒட்டுனேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். டெமோவுக்கு சேர்வராயன் மலைக் காபி வேணும்னா வறுத்துப் பொடிச்சு நான் தர்றேன், காசெல்லாம் வேண்டாம், பாக்கெட்டுல எங்க ஊர் பேரு இருந்தாப் போதும். ஆனா அங்க ஊத்திக் குடுக்கணும்னா அனுமதி வாங்கிருங்க, பெரிய ஹால்ல எல்லாம் சாப்பாடு தண்ணி ஒரே கேட்டரிங்காரர் கையிலதான் இருக்கும், நாம பாட்டுக்கு டம்ளர்ல ஊத்த முடியாது.

சூரமங்கலம் தறி:
தம்பி, இன்னொண்ணு விட்டுட்டேன். மொத தடவை பார்வையாளரா போங்கன்னுதான் நான் சொல்வேன். ஆனா பைல நாலு பில்டரைப் போட்டுட்டு நடைபாதைல நின்னு ஆர்டர் புடிக்கலாம்னு நெனைக்காதீங்க, ஸ்டால் இல்லாம வித்தா கழுத்தைப் புடிச்சு வெளிய விட்ருவாங்க. முன்னாடியே மெயில் போட்டு வெளிய காபிக் கடைல சந்திங்க. மொதக் கேள்வியே எவர்சில்வர் தகடு ஒசத்தியான 304 கிரேடா, வெல கம்மியான 202வான்னுதான் இருக்கும், டெஸ்ட் சர்டிபிகேட் கையில இருக்கட்டும். ஸ்டால்தான்னு முடிவு பண்ணிட்டா தனியாப் போகாம சென்னைல இஇபிசி, அதான் இன்ஜினியரிங் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில், அந்த ஆபீஸ்ல கேளுங்க, கூட்டமாப் போறப்ப செலவு பிரியும், மானியமும் இருக்கு.

செவ்வாப்பேட்டை பட்டறை:
அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஸ்டால் இந்த வருசம் இல்ல. பார்வையாளர் டிக்கெட்தான், நாங்க அடிக்கறது இப்ப வரைக்கும் 202, அதனால 304ல பன்னெண்டு செட்டு தனியா அடிச்சுப் பாத்துட்டுப் போறேன். தகடு கொஞ்சம் முறுக்குது, டபரா விளிம்பு மடிக்கறப்ப விரிசல் விடுது, யாருக்காவது டை செட்டிங் தெரிஞ்சா சொல்லுங்க. ஏற்காடு அண்ணாவுக்கு தனியா மெசேஜ் போட்ருக்கேன். மச்சான்கிட்ட ஸ்குரூ டிரைவர் விசயத்தைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. மனுசன் ஏற்கனவே டிரில்லிங் மெசின் வாங்கி வச்சிட்டாராம்.