அம்மாவின் இடத்தில் நின்று பார்க்கிறோமா, குழந்தையின் இடத்திலா? திரையிலும் நிறுவல் கலையிலும் தாய்மை: நான்கு பேரின் அனுபவப் பகிர்வு

அமெரிக்க வீடியோ கலைஞர் பில் வயோலாவின் 'நான்த் டிரிப்டிக்' பார்த்த அனுபவத்தை எழுதுகிறேன். 1992இல் அவர் செய்த வீடியோ நிறுவல் இது, அதாவது நாம் உள்ளே போய்ப் பார்க்கும்படி ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பது. இருட்டறையில் ஆளைவிட உயரமான மூன்று திரைகள் பக்கம் பக்கமாக இருக்கும். இடது திரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் நடக்கிறது. வலது திரையில் வயோலாவின் சொந்த அம்மா மரணப்படுக்கையில் இருக்கிறார். நடுவில், உடுத்திய துணியோடு தண்ணீருக்குள் மிதக்கும் ஓர் ஆண். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும், கிட்டத்தட்ட 30 நிமிடம்.

என் மகள் அப்போது கைக்குழந்தை. என் அம்மாவுக்கோ உடம்பு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. அதனால் பிரசவம்தான் என்னை உலுக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். உண்மையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது என் கழுத்துதான். சினிமாவில் எப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எடிட்டர் முடிவு செய்துவிடுவார். இங்கே அப்படி யாரும் இல்லை. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைப் பார்த்தால் கிழவியின் மூச்சைக் கவனிக்கத் தவறிவிடுகிறேன். கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இடது பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டதும் தலை தானாகத் திரும்பிவிட்டது. திரும்பிய வேகத்திலேயே, 'ஐயோ, அங்கே என்ன ஆயிற்றோ' என்று மறுபடியும் வலது பக்கம். வீட்டிலும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஒரு காது தொட்டிலில் இருக்கும், ஒரு காது அம்மாவின் இருமலில் இருக்கும். இரண்டில் எதையும் முழுசாகக் கவனித்த திருப்தி இருக்காது.

தாய்மை என்றதுமே அறை முழுக்க இளஞ்சிவப்பு வெளிச்சம் பாய்ச்சி, இதயத்துடிப்புச் சத்தம் போட்டு, சுவரெல்லாம் பூ விரிய வைக்கிற நிறுவல்களையும் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யாரும் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. பால் வேண்டும், மருந்து வேண்டும், இப்போதே வா என்று எதுவும் கூப்பிடாத ஓர் அறையைத் தாய்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

* * *

மேலே ஒருவர் எழுதியதைப் படித்ததும், லிஜியா கிளார்க்கின் 'வீடே உடல்' என்ற நிறுவலுக்குள் போய்வந்தது நினைவுக்கு வந்தது. பிரேசில் கலைஞரான அவர் அதை 1968இல் செய்தார். நான் பார்த்தது பிறகு மறுபடி கட்டிவைத்த வடிவம். சுமார் 8 மீட்டர் நீளம் இருக்கும். நுழைவது, கருமுட்டை, கரு வளர்வது, வெளியே தள்ளப்படுவது என்று ஒவ்வொரு கட்டமாக நாம் உள்ளே கடந்துபோக வேண்டும். இருட்டில் கையால் தடவித்தான் வழி கண்டுபிடிக்க முடியும். கடைசியில் உருவத்தைக் கோணலாக்கும் ஒரு கண்ணாடி நம்மைக் காட்டும்.

எனக்கு உள்ளே இருந்தவரை மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி குடையத் தொடங்கியது. நான் கருவானேன், வளர்ந்தேன், பிறந்தேன், எல்லாம் சரி. அம்மா எங்கே? அவள்தான் கட்டடமாகிவிட்டாளே! நிக்கி டி செயின்ட் ஃபால் 1966இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு கலைஞர்களோடு சேர்ந்து செய்த 'ஹோன்' சிற்பமும் அப்படித்தான். மல்லாந்து படுத்திருக்கும் பிரம்மாண்டமான கர்ப்பிணி, கால்களுக்கு நடுவே வாசல், உள்ளே ஒரு சின்ன சினிமா அரங்கு, மார்புக்குள் பால் விற்கும் இடம். கண்காட்சி முடிந்ததும் அதை உடைத்துவிட்டார்கள். புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன், அதிலேயே அதன் துணிச்சல் என்னை அசத்திவிட்டது. ஆனாலும் அங்கேயும் நாம் குழந்தையாகத்தான் உள்ளே போகிறோம்.

அதனால்தான் மேரி கெல்லி என்ற கலைஞரை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. மகன் பிறந்ததிலிருந்து 1973 முதல் 1979 வரை, கறைபடிந்த நாப்பித் துணி, அவன் பேசிய பேச்சு, கிறுக்கிய கிறுக்கல் என்று எல்லாவற்றையும் தன் குறிப்புகளோடு சட்டம் போட்டு வைத்தார். 1976இல் லண்டனில் அதில் ஒரு பகுதியைக் காட்டியபோது இதெல்லாம் கலையா என்று பத்திரிகைகள் கொதித்தன. அங்கே மகனை நாம் பார்ப்பதே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியின் பதற்றத்தைத்தான் பார்க்கிறோம்.

* * *

நான் குறும்படம் எடுப்பவள். என் பங்குக்கு பிரெஞ்சு இயக்குநர் ஆன்யெஸ் வார்தாவைச் சொல்கிறேன். 1975இல் 'டாகெரோடைப்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தபோது அவருடைய மகன் சின்னப் பிள்ளை. வீட்டை விட்டுத் தூரம் போக முடியாது. வீட்டு மின் இணைப்பிலிருந்து கேபிளை இழுத்து, அது எட்டுகிற தூரத்தில் தன் தெருவில் இருந்த கடைக்காரர்களை மட்டும் படம்பிடித்தார். படம் ரொட்டிக் கடை, கசாப்புக் கடை, தையல்காரர் என்றுதான் போகிறது. ஆனால் அந்தப் படத்தின் எல்லையைப் போட்டவன் அந்தப் பிள்ளை.

இந்த விஷயம் தெரிந்த பிறகுதான் எனக்கும் ஒன்று செய்யத் தைரியம் வந்தது. ஓர் அறையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு பழைய டிவி வைத்தேன். ஒன்றில் பால் பொங்கப்போகும் பாத்திரம், ஒன்றில் தூங்கும் குழந்தை, ஒன்றில் மூடிய கதவு, ஒன்றில் பாதியில் நிற்கும் என் எடிட்டிங் திரை. ஒவ்வொன்றும் நினைத்த நேரத்தில் சத்தம் எழுப்பும். பால் பொங்கும் படத்தில் மட்டும் நுரை விளிம்புக்கு வந்ததும் வெட்டிவிட்டேன், வழிவதைக் காட்டவே இல்லை. நடுவில் சுழலும் நாற்காலி ஒன்று. வந்தவர்களில் பலர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்கள். ஓர் அம்மாள் மட்டும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சத்தம் வருவதற்கு முன்பே அந்தந்த மூலைக்குத் திரும்பிக்கொண்டார், எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு போதாதும்மா" என்றார். அடுத்த முறை காட்டும்போது ஐந்தாவதாக ஒரு டிவியை நாற்காலிக்கு நேர் பின்னால் வைத்தேன்.

* * *

ஓர் ஆண் எழுதலாம்தானே? ஐஸ்லாந்துக் கலைஞர் ராக்னர் கியார்டன்சன் செய்த 'நானும் என் அம்மாவும்' வீடியோக்களைப் பார்த்தேன். 2000இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரு புத்தக அலமாரிக்கு முன்னால் இருவரும் நிற்பார்கள். அவருடைய அம்மா ஒரு நடிகை. மகன் முகத்தில் திரும்பத் திரும்பத் துப்புவார். மகன் அசையாமல் நிற்பார். எல்லா ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இருவருக்கும் வயது கூடுவது தெரிகிறது.

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சங்கடமாகிவிட்டது. இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது, நடிப்புதானா என்று அந்த அம்மாளின் முகத்தையே துருவிக்கொண்டிருந்தேன். என் அம்மாவும் கூட வந்திருந்தார். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பையன் ஏன்டா துடைச்சுக்கவே இல்ல?" அவ்வளவு நேரமும் நான் திரையில் இருந்த அம்மாவைப் பார்த்திருக்கிறேன், என் அம்மா மகனைப் பார்த்திருக்கிறார்.