மாக்கா வேட்டையும் பால் வாட்சனும்: திமிங்கலத்துக்கு யார் உறவு?

கடற்காகம்:
2024 ஜூலையில் கிரீன்லாந்தின் நூக் துறைமுகத்தில் ஜப்பானின் பிடியாணையின் பேரில், திமிங்கல வேட்டைக் கப்பல்களைக் கடலில் மறிக்கும் சீ ஷெப்பர்ட் அமைப்பைத் தொடங்கிய பால் வாட்சனைப் பிடித்தபோது இங்கே எல்லோரும் கொதித்தோம். டென்மார்க் அவரை ஜப்பானிடம் ஒப்படைக்காமல் டிசம்பரில் விடுவித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவரைக் கொண்டாடுகிறவர்கள் தொடாமல் தாண்டிப் போகும் ஒரு விஷயம் உண்டு.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் நியா பே என்ற ஊரில் மாக்கா பழங்குடிகள் இருக்கிறார்கள். 1855ல் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டபோது நிலத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள். ஆனால் திமிங்கல வேட்டை உரிமையைப் பெயர் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்கா பழங்குடிகளோடு போட்ட ஒப்பந்தங்களில் திமிங்கல வேட்டையைக் குறிப்பிடுவது அது ஒன்றுதான். வணிகக் கப்பல்கள் சாம்பல் திமிங்கலத்தை ஏறக்குறைய வழித்தெடுத்துவிட்ட பிறகு, 1920களில் மாக்காக்கள் வேட்டையை நிறுத்தினார்கள். 1994ல் அந்த இனம் அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் மறுபடி அனுமதி கேட்டார்கள். 1999 மே 17 அன்று ஒரு திமிங்கலத்தைக் கொன்றார்கள். அதைத் தடுக்க முந்தைய வருடத்திலிருந்தே படகோடு போய் நின்றது வாட்சனின் சீ ஷெப்பர்ட்.

இதே வாட்சன் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை என்ன? 1973ல் அமெரிக்காவின் வூண்டட் நீ ஊரைப் பழங்குடிப் போராளிகள் கைப்பற்றி, அரசு முற்றுகையிட்டபோது லகோட்டா பழங்குடி மக்களுக்கு மருத்துவ உதவி செய்யப் போனாராம். அங்கே ஒரு வியர்வைக் குடில் சடங்கில் (சூடான குடிலுக்குள் வியர்க்க உட்கார்ந்து பிரார்த்திப்பது) காட்டெருமை காட்சி தந்து, கடல் பாலூட்டிகளைக் காப்பாற்றச் சொன்னதாம். ஒரு பழங்குடியின் சடங்கில் அருள்வாக்கு வாங்கிக்கொண்டு, இன்னொரு பழங்குடியின் சடங்கை மறிக்கப் போயிருக்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

வெண்ணிலா_கோவை:
எப்படியா? சரியாகத்தான் செய்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது இரண்டு மனிதக் கூட்டம். கொல்லப்படப்போகிற உயிருக்கு அதில் பங்கே இல்லை.

1975ல் சோவியத் வேட்டைக் கப்பலுக்கு எதிரே ரப்பர் படகில் நின்றபோது, ஈட்டி பாய்ந்த ஒரு திமிங்கலம் தன் பக்கத்தில் எழுந்து வந்ததையும், அதன் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததையும் வாட்சன் பல தடவை சொல்லியிருக்கிறார். திமிங்கலத்தின் எண்ணெயை ஏவுகணை இயந்திரங்களுக்கு உயவாகப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்தபோது மனித இனமே பைத்தியம் என்று தோன்றியதாம். உறவு என்று நான் சொல்வது அதைத்தான். 1999ல் நடந்தது என்ன? ஈட்டி எறிந்தார்கள், பிறகு 577 காலிபர் துப்பாக்கியால் சுட்டார்கள். அதை ஹெலிகாப்டரிலிருந்து டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். இதற்குப் பெயர் சடங்கா?

கடற்காகம்:
அந்தத் துப்பாக்கி வேட்டைக்காரர்களின் ஆசைக்கு வந்தது இல்லை. திமிங்கலம் நெடுநேரம் துடிக்காமல் சீக்கிரம் சாக வேண்டும் என்ற நிபந்தனையால் வந்தது. பழைய முறைப்படியே போயிருந்தால் காட்டுமிராண்டி என்றிருப்பார்கள். துப்பாக்கி எடுத்தால் பாரம்பரியம் இல்லை என்கிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் போனாலும் அடிதான்.

சடங்கைப் பற்றிக் கேட்டீர்கள். வேட்டைக்குப் போகிறவன் முன்கூட்டியே விரதம் இருந்து, குளிர்ந்த நீரில் குளித்து, பிரார்த்தனை செய்வான். அவன் கடலில் இருக்கும் நேரம் முழுக்க மனைவி வீட்டில் அசையாமல் படுத்திருப்பாள். அவள் அசைந்தால் திமிங்கலமும் அடங்காது என்பது நம்பிக்கை. ஓசெட் என்ற இடத்தில் மண்சரிவில் புதைந்துபோன மாக்கா வீடுகளை 1970லிருந்து தோண்டினார்கள். குவியல் குவியலாகத் திமிங்கல எலும்பு கிடைத்தது. பல நூற்றாண்டுகளாக அந்த ஊர் அதை உண்டு, அதன் எலும்பைப் பயன்படுத்தி வாழ்ந்திருக்கிறது. கண்ணைப் பார்த்த ஒரு நொடி உறவு என்றால், இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மாறன்77:
நமக்கு இது புதுசா? ஜல்லிக்கட்டு கொடுமை என்று வெளியிலிருந்து பாடம் எடுத்தார்கள். 2017 ஜனவரியில் மெரினா நிறைந்தது, சட்டம் வந்தது, 2023ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. மாக்காவும் அதே கதைதான்.

வெண்ணிலா_கோவை:
மாறன், அந்தக் காளை சாயங்காலம் தொழுவத்துக்குத் திரும்பி வருகிறது. ஒப்பீட்டைக் கொஞ்சம் பார்த்து வையுங்கள்.

சேது_பொறியாளர்:
இரண்டு பேருமே ஆன்மிகத்தில் நிற்கிறீர்கள். நான் எண்ணிக்கைக்கு வருகிறேன்.

1997ல் சர்வதேசத் திமிங்கல ஆணையத்தின் ஒதுக்கீட்டில் மாக்காவுக்குக் கிடைத்தது வருடத்துக்கு அதிகபட்சம் 5. அப்புறம் வழக்கு மேல் வழக்கு. 2024 ஜூனில் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து அமெரிக்க அரசு கொடுத்த விலக்கில் 10 வருடத்துக்கு 25 வரை. பசிபிக்கின் கிழக்குப் பக்கத்துச் சாம்பல் திமிங்கலங்கள் 2016ல் சுமார் 27,000 இருந்தன. 2023ல் சுமார் 14,500. இந்தச் சரிவில் மாக்காவின் ஈட்டிக்குப் பங்கு பூஜ்யம். ஆர்க்டிக்கில் இரை குறைந்ததுதான் பெரிய காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எலும்பும் தோலுமாகக் கரை ஒதுங்கின. அதற்காகப் படகை எடுத்துக்கொண்டு யார் போய் எங்கே நிற்பது? ஒரு மரத்தோணியை மறிப்பது சுலபம், டிவியிலும் நன்றாக வரும்.

ஆலமரத்தான்:
சேது சார், கணக்கில் மட்டும் முடிகிற விஷயம் இல்லை இது. 1973ல் நார்வே தத்துவவாதி ஆர்னே நேஸ் ஆழச் சூழலியல் என்று எழுதியதன் அடிப்படையே, மனிதனுக்கு உதவுகிறதா இல்லையா என்ற கேள்விக்கு வெளியே ஒவ்வொரு உயிருக்கும் மதிப்பு உண்டு என்பதுதான். 27,000 இருந்தாலும் ஒன்று ஒன்றுதான்.

ஆனால் அதே நேஸ், அமெரிக்கத் தத்துவவாதி ஜார்ஜ் செஷன்ஸோடு சேர்ந்து 1984ல் ஆழச் சூழலியலுக்கு வகுத்த எட்டு அம்சங்களில் ஒரு விலக்கு இருக்கிறது: இன்றியமையாத தேவைக்கு மட்டும் மனிதன் உயிர்வளத்தைக் குறைக்கலாம். அப்படியானால் கேள்வி இதுதான். அரிசியும் கோழியும் கடையில் கிடைக்கிற காலத்தில், திமிங்கலம் மாக்காவுக்கு இன்றியமையாத தேவையா? எனக்கு இதில் இரண்டு மனம். ஒரு சமூகம் தன்னைத் தானாக வைத்துக்கொள்வதும் தேவைதானே என்று தோன்றுகிறது. ஆனால் அந்த வாசலைத் திறந்தால் யார் யார் நுழைவார்கள் என்றும் தோன்றுகிறது.

வெண்ணிலா_கோவை:
நுழைவார்கள், அதுதான் வாட்சனின் முக்கியமான வாதமே. கலாச்சாரத் தேவை என்ற காரணத்தை ஒருவருக்கு ஒப்புக்கொண்டால், நாளைக்கு ஜப்பானின் கடற்கரை ஊர்களும் அதையே நீட்டும்.

இன்னொன்று, மாக்கா மாக்கா என்று ஒரே குரலாகப் பேசுகிறீர்கள். அல்பெர்ட்டா தாம்சன் என்ற மாக்கா மூதாட்டியே வேட்டையை வெளிப்படையாக எதிர்த்தார். சொந்த ஊரில் அவருக்குக் கிடைத்தது பகைதான். 2007 செப்டம்பரில் ஐந்து மாக்கா ஆட்கள் அனுமதியே இல்லாமல் ஒரு திமிங்கலத்தை ஈட்டியாலும் துப்பாக்கியாலும் தாக்கினார்கள். அது மணிக்கணக்கில் துடித்து மூழ்கியது. அதில் எந்த விரதத்தைக் கண்டீர்கள்?

கடற்காகம்:
2007ல் நடந்ததை மாக்கா தலைமையே கண்டித்தது. இருவர் சிறைக்கும் போனார்கள். எல்லாச் சமூகத்திலும் இப்படி ஆட்கள் உண்டு. எதிர்ப்பாளர்கள் பக்கமும் பார்ப்போமா? 'திமிங்கலத்தைக் காப்பாற்று, மாக்காவை ஈட்டியால் குத்து' என்று காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். மனிதனை வெறுப்பதற்கு இயற்கை நேசம் ஒரு வசதியான முகமூடியாகிவிடுகிறது. தீவிரச் சூழலியலில் எனக்கு ஒட்டாத இடம் அது. 1987ல் கலிபோர்னியா மரஆலையில் இப்படித்தான் ஒரு தொழிலாளி முகம் கிழிந்து பிழைத்தார், மரம் வெட்டுவதைத் தடுக்க மரத்துக்குள் யாரோ அடித்துவைத்த இரும்பு ஆணியால்.

ஆலமரத்தான்:
அந்த ஆணியை அடித்தது யார் என்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. காடுகளைக் காக்கப் போராடிய எர்த் ஃபர்ஸ்ட் இயக்கத்தின் ஜூடி பாரி 1990ல் ஆணி அடிப்பதையே கைவிடுவதாகப் பகிரங்கமாக அறிவித்து, மரம் வெட்டும் தொழிலாளர்களோடு கைகோத்தார். எல்லாத் தீவிரத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

குளச்சல்_ஜோ:
கடலுக்குப் போகிற வீட்டுக்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குஜராத்தில் வேராவல் பக்கம் திமிங்கலச் சுறாவை எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் பிடித்துத் தள்ளினார்கள். 2001ல் சட்டம் தடை போட்டது. சட்டம் மட்டும் போதாது என்று 2004ல் ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபுவைக் கூட்டிவந்து பேச வைத்தார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் மாதிரி இது என்று அவர் சொன்னார். அப்புறம் மீனவர்களே வலையை அறுத்து விட ஆரம்பித்தார்கள். நூற்றுக்கணக்கில் விட்டிருக்கிறார்கள்.

ஆனால் பக்தி பாதிதான். அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு கொடுத்தது மீதிப் பாதி. ஒரு வலை என்ன விலை என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சீ ஷெப்பர்ட் மாதிரி கப்பல் வந்து குறுக்கே நின்றிருந்தால் எங்கள் ஆட்கள் இரண்டு மடங்கு பிடித்திருப்பார்கள், வீம்புக்காகவே.

வெண்ணிலா_கோவை:
ஜோ அண்ணே, ஊர்க்காரர்களிடம் அது எடுபடும். தொழிற்சாலைக் கப்பலிடம் எந்தப் பாபு பேசுவார்? 2011ல் ஜப்பான் அண்டார்டிகா வேட்டையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு திரும்பியதற்கு சீ ஷெப்பர்டின் தொல்லையையே காரணமாகச் சொன்னது. 1986ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் துறைமுகத்தில் வேட்டைக் கப்பல்கள் இரண்டை மூழ்கடித்தபோது ஓர் ஆளுக்குக்கூடக் காயம் இல்லை. அந்த வேலையைச் செய்த இருவரில் ராட் கொரனாடோ யாக்கி பழங்குடி வழிவந்தவர். பழங்குடி என்றாலே வேட்டைக்கு ஆதரவு என்று நீங்கள் போடுகிற கோடு அங்கேயே அழிகிறது.

கடற்காகம்:
தொழிற்சாலைக் கப்பலை மறித்ததில் எனக்கு வாட்சனோடு சண்டையே இல்லை. அதே ஆயுதத்தை எட்டுப் பேர் துடுப்புப் போட்ட தேவதாருத் தோணியின் மேலும் எடுத்ததுதான் என் புகார். ஜப்பானுக்கு மாக்காவின் முன்னுதாரணம் தேவைப்படவும் இல்லை. 2019ல் ஆணையத்தை விட்டே வெளியேறி, தன் கடலில் வணிக வேட்டையை ஆரம்பித்துவிட்டது. மாக்காக்களோ நீதிமன்றம் சொன்னபடி 2005ல் விலக்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு 2024 வரை காத்திருந்தார்கள்.

சேது_பொறியாளர்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை என்பதைவிட எந்தத் திமிங்கலம் என்பதுதான் இனிச் சிக்கல். பெரும்பாலானவை ஆர்க்டிக்குக்குப் போய்விடும். இருநூற்றுச் சொச்சம் மட்டும் கோடை முழுக்க அந்தக் கரையோரமே தங்குகின்றன. அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒன்று குறைந்தாலும் பெரிதுதான். முதுகுத் தழும்பை வைத்து ஒவ்வொன்றையும் புகைப்படத்தில் அடையாளம் கண்டு வைத்திருக்கிறார்கள்.

குளச்சல்_ஜோ:
ஈட்டி எறியும்போது ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்க முடியுமா சார்? அலையில் முதுகு தெரிவதே ஒரு நொடி.

வெண்ணிலா_கோவை:
அப்படியானால் எறியாதீர்கள் என்றுதான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.