நகை எங்கே தேய்கிறது, எப்படிப் பார்த்துக்கொள்வது: கடலூர், புதுச்சேரி பக்கத்து அனுபவங்கள்

திருப்பாதிரிப்புலியூர், நகைப் பட்டறை

"கடல் காத்துல தங்கம் அரிச்சிடுமா?" என்று தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தங்கத்தை உப்புக்காற்று அரிக்காது. 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்குதான் தங்கம். மீதி 8.4 பங்கு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். கறுத்துப்போவது அந்தக் கலப்புதான், அதுவும் பற்று வைத்த, அதாவது உருக்கி ஒட்டிய, இடங்களில் முதலில் தெரியும். அது மேலோடு நிற்கும் கறை, சுத்தம் செய்தால் போய்விடும். எடை குறைவது உரசலால்தான், அந்த உரசல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

செயினில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணிமேல் நாளெல்லாம் உராய்கிறது. வெளிப்பக்கம் புதுசுபோல மின்னும், உள்வளைவில் பள்ளம் விழுந்திருக்கும். வீட்டிலேயே பார்க்கலாம். செயினை மேசைமேல் இழுக்காமல் நேராக வைத்து அளந்துகொள்ளுங்கள். வாங்கும்போது 24 அங்குலமாக இருந்தது கால் அங்குலம் நீண்டிருந்தால், கண்ணிகள் உள்ளே தேய்ந்து இடம் விட்டிருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் 10 மடங்கு லென்ஸ் ஒன்றை எடுத்து, இரண்டு கண்ணிகளை ஒன்றையொன்று நோக்கித் தள்ளுங்கள். அப்போதுதான் உள்வளைவு வெளியே தெரியும். கம்பி அங்கே பாதிக் கனத்துக்கு வந்திருந்தால் அந்தக் கண்ணியை மாற்றியே ஆக வேண்டும். அறுந்து விழுந்த பிறகு கொண்டுவந்தால் பற்று வைக்க நல்ல கம்பியே மிஞ்சுவதில்லை.

எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி தேயாது. கொக்கியை ஒட்டிய முதல் மூன்று நான்கு கண்ணிகள், மாங்கல்யம் தொங்கும் இடத்துக் கண்ணிகள், இந்த இரண்டு இடத்தையும் பார்த்தால் போதும். மாங்கல்யம், குண்டு, காசு எல்லாம் கோத்த செயினில் அவற்றின் வளையங்கள் ஒரே இடத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். வளையத்தின் மேல்பக்கம் தாள்போல மெலிந்திருப்பதையும் பார்க்கிறேன். வளையத்தை மாற்றுவது சின்ன வேலை, அதை ஒத்திப்போடாதீர்கள். ஆடிப்பெருக்கு அன்று தாலிக்கயிறு மாற்றும் வீடுகளில் உருக்களெல்லாம் கழற்றிக் கையில் இருக்கும். அன்றைக்கே ஒவ்வொரு வளையத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடலாம்.

முறுக்குச் செயின் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சின்னக் கண்ணிகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். ஒரு இடத்தில் அறுந்தால் பற்று பக்கத்துக் கண்ணிகளுக்கும் ஓடி, அந்த இடம் விறைத்துப்போகும். தினமும் போட அதை நான் சொல்ல மாட்டேன்.

மஞ்சக்குப்பம், நகைக்கடை விற்பனைப் பிரிவு

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "கழுத்தில் கறுப்பு விழுகிறது, தங்கம் போலி" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. எடுத்தவுடன் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். முகப்பவுடரிலும் வெயில் கிரீமிலும் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு மாதிரியான பொடிகள் இருக்கின்றன. அவை தங்கத்தைவிடக் கடினம். வியர்வையில் ஒட்டிய பவுடர்மேல் செயின் உரசும்போது மிக நுண்ணிய தங்கத்தூள் கழன்று தோலில் படிகிறது, அவ்வளவு நுண்ணிய தூள் மஞ்சளாகத் தெரியாது, கறுப்பாகத்தான் தெரியும். கிரீம், பவுடர், சென்ட் எல்லாம் போட்டுக் காய்ந்த பிறகு கடைசியாக நகையைப் போடுங்கள்.

வளையலுக்கும் இதே கணக்குதான். தங்க வளையலுக்கு நடுவே கண்ணாடி வளையல் போடுவது நம்ம வழக்கம், பார்க்க அழகு. ஆனால் கண்ணாடி தங்கத்தைவிடக் கடினமானது. கட்டிங் வேலை செய்த வளையலில் முனைகள் மழுங்கி, பூ வேலை வழவழப்பாகிவிடும். திரும்பக் கட்டிங் போட்டால் இன்னும் கொஞ்சம் தங்கம் சீவப்படும். விசேஷத்துக்கு மட்டும் சேர்த்துப் போடுங்கள், தினசரி வேண்டாம். உள்ளே கூடான வளையலைக் காபி டம்ளரை வைப்பதுபோல டொக்கென்று மேசையில் வைக்காதீர்கள். நசுங்கினால் வெளியிலிருந்து நிமிர்த்த வழியில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வில்லியனூர், இல்லத்தரசி

வீட்டில் சுத்தம் செய்யும் முறையைச் சொல்கிறேன், பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பூந்திக்கொட்டை ஐந்து, விதையை எடுத்துவிட்டு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். கையால் கசக்கி வடிகட்டுங்கள். நகையை அதில் 10 நிமிடம் போட்டு, குழந்தைகளுக்கான மெத்தென்ற பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கண்ணிகளின் ஓட்டப்போக்கிலேயே லேசாகத் தேயுங்கள். பூந்திக்கொட்டை இல்லையென்றால் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு சொட்டு போதும். எல்லாமே ஒரு கிண்ணத்தில் நடக்க வேண்டும், குழாயடியில் வேண்டாம். தண்ணீரைக் கொட்டும்போது வடிகட்டி வழியாகக் கொட்டுங்கள், கழன்ற கல் அதில் நிற்கும்.

கடைசி அலசல் முக்கியம். கடற்கரையை ஒட்டிய போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் அலசிக் காயவைத்தால் கண்ணி இடுக்கில் வெள்ளைப் படிவு நிற்கும், அதில் சோப்பும் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து பிசினாகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளேயே அராவும். குடிக்கிற கேன் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, ஒரு மணி நேரம் மின்விசிறியின் கீழ் வையுங்கள். தினமும் போடும் செயினுக்கு மாதம் ஒரு முறை போதும்.

பல்பசை, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கட்டி எதுவும் வேண்டவே வேண்டாம். அவற்றில் இருக்கும் தூள் பளபளப்பைக் கொடுப்பதே தங்கத்தைச் சுரண்டித்தான். குளியலறை கழுவும்போதும், தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போடும்போதும் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். குளோரின் கலப்பு உலோகத்தைத் தின்னும், 18 காரட்டுக்கு இன்னும் ஆபத்து.

முத்து, பவளம், கெம்பு வைத்த நகைக்கு இந்த முறை பொருந்தாது. முத்தும் பவளமும் எந்தப் புளிப்பையும் தாங்காது. அரக்கு நிரப்பிய நகையை வெந்நீரில் போட்டால் அரக்கு இளகிக் கல் ஆடும். ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

புதுச்சேரி, தர மதிப்பீட்டு வேலை

வீட்டு வாசலுக்கு வந்து "பாலிஷ் போட்டுத் தரேம்மா" என்று கேட்கிறவர்களிடம் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜதிராவகத்தில் தங்கம் கரையும். நகை பளபளவென்று கைக்கு வரும், கரைந்த தங்கம் அவர்களின் பாத்திரத்தோடு போய்விடும். கடையில் கொடுத்தாலும் உங்கள் கண்ணெதிரே மில்லிகிராம் கணக்கில் எடை போட்டு, சீட்டில் எழுதி வாங்கி, திரும்ப வாங்கும்போது மறுபடி எடை போடச் சொல்லுங்கள். மெஷின் பாலிஷிலும் கொஞ்சம் போகத்தான் செய்யும், எவ்வளவு போயிற்று என்று தெரிந்தால் அடுத்த முறை தேவையா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பற்று வைக்கும் பொடியின் தரம் நகையைவிடக் குறைவாக இருந்தால், பலமுறை பற்று வைத்த செயினை உருக்கும்போது மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறையும். தரம் பார்க்கும் எக்ஸ்-ரே மெஷினில் பற்று வைத்த இடத்தைக் காட்டினாலும் அப்படித்தான் வரும், அதற்காகப் பதற வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் காட்டச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை எச்.யு.ஐ.டி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. அந்தக் குறி மிகச் சிறியது, பாலிஷ் சக்கரத்தில் தேய்ந்துபோகும். எங்கே இருக்கிறது என்று காட்டி, அந்த இடத்தைத் தொடாமல் போடச் சொல்லுங்கள்.

முதுநகர், பட்டறை உதவியாள்

ரப்பர் பேண்டு போட்டு நகையைக் கட்டி வைக்காதீங்க. ரப்பரில் கந்தகம் இருக்கு, சுற்றிய இடம் மட்டும் கறுப்புக் கோடாக விழும். கடையில் கொடுக்கும் ரோஸ் காகிதம் நனைந்தால் சாயம் விடும், மழைக்காலத்தில் மெல்லிய பருத்தித் துணியில் தனித்தனியா சுற்றி வைங்க. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலோ சில்வர் பீச்சிலோ இறங்கும் முன் மோதிரத்தை வீட்டிலேயே விடுங்க. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், அலை இழுக்கும்.

திருப்பாதிரிப்புலியூர், நகைப் பட்டறை

தம்பி சொன்னது சரி. ஒன்று விட்டுப்போயிற்று, பாதரசம். உடைந்த தெர்மாமீட்டர் கையில் பட்டு, மோதிரம் வெள்ளையாகிவிட்டது என்று கொண்டு வருவார்கள். சில மலிவான சிவப்பழகு கிரீம்களிலும் பாதரசம் இருப்பதுண்டு. அந்த நகையை மற்ற நகைகளோடு போடாமல் தனியாக மூடிய டப்பாவில் வைத்து எடுத்து வாருங்கள். வீட்டில் அடுப்பில் காட்டாதீர்கள், ஆவி நுரையீரலுக்கு விஷம். கொடுக்கும்போதே "இதில் பாதரசம் பட்டிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாமல் கொடுத்தால் பட்டறையில் நெருப்பு ஊதிப் பற்று வைக்கிறவன் அதை மூச்சில் வாங்குவான்.

தோட்டுத் திருகு இரண்டு சுற்றிலேயே வழுக்கினால் மரை தேய்ந்துவிட்டது. தண்டில் மரை நன்றாக இருந்தால் திருகை மட்டும் மாற்றலாம், சில நூறு மில்லித் தங்கத்தில் முடிந்துவிடும். தோட்டையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், பழைய தண்டுக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்தே கொடுக்க வேண்டும்.