திருமயம் – காரைக்குடி – தேவகோட்டை சாலை: ஊர் முதலா, ரோடு முதலா?

கோட்டையூரான்:
திருச்சியிலிருந்து ராமநாதபுரம் போகிற ரோடு, முன்பு தேசிய நெடுஞ்சாலை 210 என்று எண் போட்டிருந்ததே, அதில் திருமயம் முதல் தேவகோட்டை வரை உள்ள பகுதியைப் பற்றிச் செய்தி சேகரிக்கிறேன். செட்டிநாடு என்றாலே வீட்டையும் சாப்பாட்டையும்தான் எழுதுகிறார்கள், ரோட்டோரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ரோடு வந்ததால் இந்த ஊர்கள் வளர்ந்தனவா, இல்லை ஊர்களைத் தேடி ரோடு வந்ததா?

செக்காலை மீனாள்:
ஊர்தான் முதலில் தம்பி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கானாடுகாத்தானுக்குப் போய்ப் பாருங்கள், பெரிய வீடு ஒன்றுகூட நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்காது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவே வளவு என்கிற முற்றமும் அறைகளும், பின்னால் இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகும். கூரையில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கும், தெருவில் ஓடுகிற தண்ணீர் ஊருணிக்குப் போகும், அந்தக் கணக்கில்தான் ஊரையே அமைத்திருக்கிறார்கள். வீடு கட்டிய நகரத்தார் செட்டியார்களின் பணமும் ரோட்டு வியாபாரத்தில் வந்ததல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிக் கொண்டுவிற்று வந்தது. ஆனால் ராமேசுவரத்துக்கு நடந்து போகிறவர்கள் பஸ், ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கம் போய்வந்தார்கள். திருமயம் கோட்டையை ராமநாதபுரம் மன்னர் சேதுபதி 1687-ல் கட்டினார், வடக்கே எல்லைக் காவலுக்கு அந்த இடத்தைப் பிடித்தது சும்மா இல்லை.

ரஸ்தா பஜார்:
மீனாள் ஆச்சி சொல்வது கானாடுகாத்தானுக்குச் சரி, எங்கள் தேவகோட்டை ரஸ்தாவுக்குப் பொருந்தாது. 1930-ல் புதுக்கோட்டை – மானாமதுரை ரயில் பாதை திறந்தபோது அது தேவகோட்டை ஊருக்குள் போகவில்லை, ஸ்டேஷன் இங்கே அமைந்தது, பெயரும் தேவகோட்டை ரோடு. ரயிலில் வந்தவர் இறங்கி மேற்கொண்டு ரோட்டைப் பிடித்துத்தான் ஊர் போய்ச் சேர வேண்டும், அந்தக் காத்திருப்பில் பிழைத்த கடைத்தெரு இது. எங்கள் கடையில் விடியற்காலையில் பாய்லர் பற்றவைத்தால் முதல் பஸ்ஸுக்குள் ஒரு அடுக்கு வெள்ளைப் பணியாரம் காலியாகும், கண்டக்டர் இறங்காமலே ஜன்னல் வழியாகப் பார்சல் வாங்கிக்கொள்வார். ரோட்டை அகலப்படுத்தின பிறகு கார்கள் நிற்பதே இல்லை. கடைக்கு முன்னால் நிழல் தந்த புளிய மரமும் போய்விட்டது, வெயிலில் யார் நின்று டீ குடிப்பார்கள்? அகலமான ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நிற்க இடமும் மரமும் வைத்துப் போட்டிருக்கலாம் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

கல்லூரிச் சாலை:
இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. காரைக்குடி இன்றைக்கு இருக்கிற அளவுக்குப் பரந்ததற்குக் காரணம் நெடுஞ்சாலையைவிட அழகப்பச் செட்டியார்தான். 1947-ல் கல்லூரி தொடங்கினார். செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். அப்புறம்தான் மாணவர்களுக்கென்று மெஸ், ஜெராக்ஸ் கடை, வாடகை சைக்கிள் எல்லாம் கல்லூரிச் சாலையில் வந்தன.

கோட்டையூரான்:
ரொம்ப நன்றி. மீனாள் ஆச்சி, நடந்து போகிற வழி என்றீர்களே, இப்போதும் அப்படி ஏதாவது மிச்சம் உண்டா?

செக்காலை மீனாள்:
இந்த ரோட்டில் தேடாதீர்கள், மேற்கே போங்கள். தைப்பூசத்துக்கு முன்னால் நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும். திரும்பி வருவதும் நடைதான். வழி நெடுக ஊர்க்காரர்கள் தண்ணீரும் மோரும் வைத்திருப்பார்கள், வருஷா வருஷம் எந்த வீட்டு வாசலில் காவடி இறங்கும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். குன்றக்குடியில் நின்று வயசானவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், உங்களுக்கு வேண்டியதை அவர்களே சொல்வார்கள்.