நடனப் போட்டிக்காகச் சாப்பாட்டைக் குறைக்கும் மகள்: ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி (ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்):
என் 13 வயது மகள் கோவையில் குழு நடனப் போட்டிகளுக்குப் பயிற்சி பெறுகிறாள். போட்டி நெருங்கியதும் எல்லோர் முன்பும் எடை பார்த்து, வரும் எண்ணை ஆசிரியர் உரக்கச் சொல்கிறார். “அம்மணி, முன்வரிசையில் நிற்க வேண்டுமானால் இளைக்க வேண்டும்” என்று அவர் சொன்ன நாள் முதல், ஆசையாகச் சாப்பிடும் சந்தகையை (இடியாப்பம் போன்ற பலகாரம்) கூடத் தம்பியின் தட்டுக்குத் தள்ளிவிடுகிறாள். மூன்று மாதங்களாக மாதவிடாயும் வரவில்லை. ஆட்டம் என்றால் அவளுக்கு உயிர். வகுப்பை நிறுத்தவும் மனமில்லை.

பதில் 1 (மகப்பேறு மருத்துவர், ஈரோடு):
ஆசிரியரைப் பிறகு பார்க்கலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். பூப்பெய்திய ஓரிரு ஆண்டுகளுக்கு மாதவிடாய் முன்பின்னாக வருவது வழக்கம்தான் என்றாலும், சாப்பாடு குறைந்த வேளையில் நின்றிருப்பதை அப்படி எண்ணி விட்டுவிடக் கூடாது. ஆடிச் செலவழிக்கும் அளவுக்கு உணவு சேராதபோது உடல் மாதவிடாய்க்கான ஹார்மோன்களைக் குறைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால், எலும்பு உறுதிப்பட வேண்டிய இந்த வயதிலேயே அது வலுவிழந்து, பாதத்திலும் முழங்காலுக்குக் கீழும் நுண்ணிய முறிவுகள் ஏற்படலாம். உழைப்புக்கேற்ற உணவு சேராத இந்நிலைக்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் RED-S என்று தனிப்பெயர் சூட்டியது. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். சாப்பிடவில்லை என்று அவளைத் திட்ட வேண்டாம்.

பதில் 2 (நடன ஆசிரியை, பொள்ளாச்சி):
நானும் ஒரு காலத்தில் எடை பார்த்தவள்தான் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். வளரும் பிள்ளைக்கு எடை ஏறத்தான் வேண்டும். உயரம் திடீரெனக் கூடும் இந்த வயதில் அரைமண்டியில் (முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்த நிலை) தள்ளாடுவார்கள். அதை உடல் பருத்ததன் விளைவென்று நாங்கள் தவறாக நினைத்துக்கொள்கிறோம், தேவைப்படுவதோ தொடைக்கு வலுவூட்டும் பயிற்சி. பாதித் தொல்லை உடையால் வருவது. போன ஆண்டு அளவில் தைத்த ரவிக்கை இந்த ஆண்டு இறுக்கினால் குற்றம் பிள்ளையுடையது அன்று. உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைத்தால் பிரித்துவிடலாம். (திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணிக்கேற்பப் பிள்ளையைக் குறைக்கிறோம்!) நம் வள்ளி கும்மியில் பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள், யாருடைய இடுப்பையும் யாரும் அளப்பதில்லை. வேறு இரண்டு பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, மகள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். எடை பார்ப்பதை நிறுத்தவும், ஆட்டத்தை வைத்தே வரிசையை முடிவு செய்யவும் கேளுங்கள். மறுத்தால் வகுப்பை மாற்றத் தயங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மூன்று பேராகச் சென்று பேசினோம். எடை இயந்திரத்தை எடுத்துவிட்டார். முன்வரிசையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். நேற்று இரவு தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையில் பாதியைச் சாப்பிட்டாள், மீதி தம்பிக்குப் போய்விட்டது.