புதுப்பிப்பு: தம்பி போனப்புறம் ஜெபம் வரலைன்னு கேட்டிருந்தேனே

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதுசா பாக்குறவங்களுக்கு: தம்பி பைக் ஆக்சிடென்ட்ல இறந்துட்டான், அதுக்கப்புறம் முழங்கால் போட்டாலும் வார்த்தையே வரல, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன்.

நிறைய பேர் சங்கீதம் 23 (பைபிள்ல இருக்கிற ஜெபப் பாட்டுகள்ல ஒண்ணு) சொன்னீங்க, அது அடக்க ஆராதனையிலயே வாசிச்சதால கேட்டாலே நெஞ்சு அடைக்குது, இப்போதைக்கு முடியல. கைகொடுத்தது ஒரு அக்கா சொன்ன 88ஆம் சங்கீதம்தான். மொத்தம் 18 வசனம், முழுக்க புலம்பல், மத்த புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் (13ஐ பாருங்க) கடைசில நம்பிக்கையா திரும்பும், இது திரும்பாம அப்படியே முடிஞ்சிரும். இதையே பைபிள்ல வச்சிருக்காங்கன்னா நானும் ஆண்டவர்ட்ட கோபப்படலாம் போலன்னு தோணுச்சு. சத்தமா வாசிங்கன்னு சொன்னாங்க, அதுதான் முக்கியம், மனசுக்குள்ள படிச்சப்போ ஒண்ணும் ஆகல.

எதிர்பாக்காதது என்னன்னா, அடுத்த ரூம்ல இருந்த அம்மா கேட்டுட்டு பக்கத்துல வந்து உக்காந்துட்டாங்க. "எல்லாம் தேவ சித்தம்"னு சொல்லிட்டுப் போன சொந்தக்காரங்க முன்னாடி வாயே திறக்காதவங்க, அன்னைக்குத்தான் அவன் பேர சொல்லி அழுதாங்க. இப்ப ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறோம், யோவான் 11ல இருக்கோம், செத்துப்போன லாசருவ உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு அழுதாரே, அந்த இடத்தத் தாண்டல இன்னும்.

தூக்கம்தான் சரியில்ல. கவுன்சிலரப் பாக்கச் சொன்ன அண்ணனுக்கு: அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு.